நெடுஞ்சாலையில் எந்த வேகம் பெட்ரோலை மிச்சப்படுத்தும்?

வாசகர் கேள்வி – பதில்

பெட்ரோல் விலை உயரத் தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் வாகன வேகத்தையும் மைலேஜையும் பற்றிய கேள்விகளே மிகுதி. அவற்றில் சிலவற்றை ஒன்றாகத் தொகுத்து இந்த முறை விடை தந்திருக்கிறோம்.

கேள்வி: வேலை நிமித்தமாக அடிக்கடி சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் சென்று வருகிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால்தான் மைலேஜ் கிடைக்கும் என்கிறார் ஒரு நண்பர். டாப் கியரில் 90-ல் போவதே சிறந்தது என்கிறார் இன்னொருவர். எந்த வேகம் சரியானது?
– செங்கல்பட்டு வாசகர்

பதில்: உங்கள் நண்பர்கள் இருவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஓடும் காரில் எரிபொருள் மூன்று வழிகளில் செலவாகிறது. முதலாவது, இன்ஜின் தன்னைத் தானே சுழற்றிக்கொள்வதற்கும் ஏ.சி., விளக்கு போன்றவற்றை இயக்குவதற்கும் ஆகும் செலவு. கார் நின்றாலும் ஓடினாலும் இது மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருப்பதால், மெதுவாக ஓட்டும்போது ஒவ்வொரு கிலோமீட்டரின் கணக்கிலும் இதன் பங்கு கூடுகிறது. இரண்டாவது, டயர் சாலையில் உருளும்போது எழும் தடை. வேகம் மாறினாலும் இது பெரிதாக மாறுவதில்லை. மூன்றாவது காற்றுத்தடை. வேகம் இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்காவதால், நெடுஞ்சாலையில் உங்கள் பணத்தை எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இதுதான்.

நான்கு பேர் அமர்ந்த ஒரு சிறிய ஹேட்ச்பேக் காரை எடுத்துக்கொண்டு தோராயமாகக் கணக்கிட்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுத்தடை டயரின் தடையைவிடச் சற்றே குறைவாக இருக்கிறது. 80-ல் அதைப்போல் ஒன்றரை மடங்காகிறது. 100-ல் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. 120-ல் மூன்று மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. ஆகவே மிக மெதுவாகப் போனால் முதல் செலவும், மிக வேகமாகப் போனால் மூன்றாவது செலவும் ஓங்கி நிற்கின்றன. இவை இரண்டும் அடங்கியிருக்கும் இடைப்பகுதியில்தான் மைலேஜ் உச்சத்தைத் தொடுகிறது. பெரும்பாலான கார்களுக்கு அந்தப் பகுதி, இன்ஜின் திணறாமல் டாப் கியரில் ஓடக்கூடிய குறைந்த வேகத்தை ஒட்டி, ஏறக்குறைய 50-க்கும் 80-க்கும் இடையில் அமைகிறது. மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் 1978-ல் தொடங்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருவது 45 முதல் 55 கிலோமீட்டர் வரையிலான வேகத்தைத்தான். மைலேஜை மட்டும் கருதினால் உங்கள் முதல் நண்பரின் பக்கமே நியாயம் மிகுதி.

ஆனால் திருச்சிவரை 330 கிலோமீட்டர் தொலைவையும் 55-ல் கடப்பது யாருக்கும் எளிதன்று. எனவே வேகத்தைக் கூட்டும்போது எவ்வளவு இழக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 74 வாகனங்களின் அளவீடுகளைத் தொகுத்து 2013-ல் ஒரு முடிவை வெளியிட்டது. மணிக்கு 50 மைலிலிருந்து 60 மைலுக்கு, அதாவது 80 கிலோமீட்டரிலிருந்து 97-க்கு ஏறும்போது, மைலேஜ் சராசரியாக 12 விழுக்காடு குறைகிறது. அங்கிருந்து 113-க்குப் போனால் மேலும் 14 விழுக்காடும், 129-க்குப் போனால் அதற்கு மேல் 15 விழுக்காடும் குறைகின்றன. 80-ல் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் ஒரு காருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், 97-ல் அது பதினேழரை கிலோமீட்டர் தரும், 113-ல் 15 தரும், 129-ல் 13-ஐக்கூட எட்டாது. ஒவ்வொரு காருக்கும் எண்கள் மாறும் என்றாலும், வேகம் கூடக் கூடச் சரிவின் செங்குத்தும் கூடுகிறது என்ற போக்கு எல்லாக் கார்களுக்கும் பொதுவானது.

இனி நேரத்தையும் சேர்த்துப் பார்ப்போம். சுங்கச்சாவடி, உணவு நிறுத்தம் ஆகியவற்றை விட்டுவிட்டு, சீராக 100-ல் போனால் திருச்சிக்கு 3 மணி 18 நிமிடம் ஆகும். 80-ல் போனால் 4 மணி 8 நிமிடம் ஆகும். கூடுதலாகச் செலவாகும் 50 நிமிடத்துக்கு ஈடாக, மேலே சொன்ன காரில் ஒரு வழிப் பயணத்துக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் மிச்சமாகிறது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் போய்வர 600 ரூபாய் அளவுக்குக் கையில் நிற்கும். அதே 20 கிலோமீட்டரை மீண்டும் குறைத்து 80-லிருந்து 60-க்கு வந்தால் இன்னும் 1 மணி 22 நிமிடம் கூடும். காற்றுத்தடை ஏற்கெனவே தணிந்துவிட்டதால், மிச்சமாகும் பெட்ரோலோ முன்னதைவிடக் குறைவாகவே இருக்கும். வேகத்தைக் குறைக்கக் குறைக்க நேரத்தின் விலை ஏறுகிறது, கிடைக்கும் பலன் இறங்குகிறது. இந்த இரண்டையும் எடைபோட்டுத்தான் நான்குவழிச் சாலையில் காருக்கு 80-ஐ ஒட்டிய வேகத்தை நான் பரிந்துரைக்கிறேன். அவசரம் இல்லாத நாளில் 70-க்கு இறங்கலாம். ஆனால் 100-க்கு மேல் போகும் ஒவ்வொரு பத்து கிலோமீட்டருக்கும் நீங்கள் கொடுக்கும் விலை கனமானது என்பதை மறந்துவிடாதீர்கள்.

மெதுவாக ஓட்டுகிறவர் இடது தடத்திலேயே செல்ல வேண்டும். வலது தடத்தில் 70-ல் போய் மற்றவர்களை இடப்புறமாக முந்த வைப்பது, மிச்சமாகும் பெட்ரோலுக்கு ஈடே இல்லாத ஆபத்து.

கேள்வி: எரிபொருள் நெருக்கடி வந்தபோது வெளிநாடுகளில் அரசாங்கமே வேகத்தைக் குறைக்கச் சட்டம் போட்டது என்று படித்தேன். உண்மையா?
– புதுக்கோட்டை வாசகர்

பதில்: உண்மைதான். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்ததும், வேக வரம்பே இல்லாத சாலைகளுக்குப் பெயர்பெற்ற மேற்கு ஜெர்மனி, அந்த ஆண்டு நவம்பரிலிருந்து 1974 மார்ச் வரை தன் ஆட்டோபான்களில் 100 கிலோமீட்டர் வரம்பைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அதிபர் நிக்சன் 1974 ஜனவரி 2 அன்று கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் நாடு முழுவதும் 55 மைல், அதாவது ஏறக்குறைய 89 கிலோமீட்டர், உச்ச வேகமாயிற்று. 1987-ல் நகர்ப்புறத்துக்கு வெளியே உள்ள பெருஞ்சாலைகளில் 65 மைல் வரை தளர்த்தப்பட்ட அந்த வரம்பு, 1995-ல் முற்றிலும் நீக்கப்பட்டது. லிபிய உள்நாட்டுப் போரால் எண்ணெய் விலை ஏறிய 2011-ல், ஸ்பெயின் தன் பெருஞ்சாலை வரம்பை மார்ச் முதல் ஜூன் வரை 120-லிருந்து 110-ஆகக் குறைத்தது. 2022-ல் உக்ரைன் போரை ஒட்டி விலை உயர்ந்தபோது, பன்னாட்டு எரிசக்தி முகமை எண்ணெய்ப் பயன்பாட்டைக் குறைக்க முன்வைத்த பத்து யோசனைகளில் முதலாவதாக இருந்ததும் நெடுஞ்சாலை வேகத்தைக் குறைந்தது 10 கிலோமீட்டர் குறைக்க வேண்டும் என்பதே.

இந்த வரம்புகளில் பல நீடிக்கவில்லை. விலை இறங்கியதும் மக்கள் பழைய வேகத்துக்கே திரும்பிவிட்டார்கள். ஆயினும் புதிய கருவி எதுவும் வாங்காமல், புதிய கட்டமைப்பு எதுவும் எழுப்பாமல், மறுநாள் காலையிலேயே நடைமுறைப்படுத்தக்கூடிய சிக்கன நடவடிக்கை இதைப் போல் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு அரசாணை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

கேள்வி: பரனூர், விக்கிரவாண்டி என்று வரிசையாக டோல்கேட் வரும்போது ஒரே வேகத்தில் ஓட்டுவது எப்படிச் சாத்தியம்? நின்று கிளம்புவதில் எவ்வளவு பெட்ரோல் போகும்?
– விழுப்புரம் வாசகர்

பதில்: 1,300 கிலோ எடையுள்ள காரை நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர, அந்த ஓட்டத்தை உண்டாக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 60 மில்லிலிட்டர் பெட்ரோல் செலவாகும். 80-க்கு மட்டும் கொண்டுவந்தால் 40 மில்லிலிட்டர் போதும். பிரேக்கை மிதிக்கும்போது இந்த ஆற்றல் முழுவதும் பிரேக் தட்டில் வெப்பமாகி வீணாகிறது. ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியில் கட்டாயமான பிறகு நிற்கும் நேரம் குறைந்துவிட்டது என்பதால் டோல்கேட்டே பெரிய இழப்பு என்று சொல்ல மாட்டேன். அதைவிடக் கூடுதலான இழப்பு, 110-க்கு ஏறி, முன்னால் போகும் லாரியின் பின்னால் 60-க்கு இறங்கி, மறுபடி 110-க்கு ஏறும் பழக்கத்தால் நேர்கிறது. நெடுஞ்சாலையில் இப்படி வெடுக்கென ஓட்டுவதால் மைலேஜ் 15 முதல் 30 விழுக்காடு வரை குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை மதிப்பிட்டுள்ளது.

பூத் கண்ணில் பட்டதுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரிலேயே வேகம் தணிய விடுங்கள். முன்னால் இருக்கும் வாகனத்தின் பிரேக் விளக்கை மட்டும் பார்த்து ஓட்டாமல், அதற்கும் முன்னால் சாலை எப்படி இருக்கிறது என்று நோக்கினால், பாதி நேரம் பிரேக்கே தேவைப்படாது. வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோல் உள்ள காரில், போக்குவரத்துக் குறைந்த சமதளச் சாலையில் அதைப் பயன்படுத்தலாம். மேடுபள்ளமான சாலையில் அது ஏற்றம்தோறும் இன்ஜினை விரட்டும் என்பதால் அங்கே உங்கள் பாதமே மேலானது. காற்றுத்தடையைக் குறைக்கும் எண்ணத்தில் லாரியின் பின்னால் ஒட்டிச் செல்கிறவர்களும் உண்டு. அந்த நெருக்கத்தில் லாரி திடீரென நின்றால் பிரேக் பிடிக்க நேரமே இருக்காது. அதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது.

கேள்வி: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று எங்கள் பகுதி ஓட்டுநர்கள் பலர் நம்புகிறார்கள். சரியா?
– தருமபுரி வாசகர்

பதில்: தவறு. உயிருக்கு உலைவைக்கும் தவறு. கார்புரேட்டர் இருந்த காலத்தில் இந்த நம்பிக்கை வேரூன்றியது. கணினியே அளந்து எரிபொருளைத் தெளிக்கும் இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். அந்த நேரத்தில் எரிபொருள் தெளிப்பதைக் கணினி அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டாலோ இன்ஜின் அணையாமல் இருப்பதற்காக எரிபொருள் தொடர்ந்து செலவாகும். ஆக, நியூட்ரலில் விடுவது செங்குத்தான இறக்கத்தில் சிக்கனமே அன்று.

அதைவிட முக்கியமானது பாதுகாப்பு. நியூட்ரலில் இன்ஜினின் பிடிமானம் இல்லாததால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகிறது. உங்கள் மாவட்டத்தின் தொப்பூர் கணவாயில் எத்தனை விபத்துகள் நடந்திருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்ற மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய வழக்கத்தைக் கைவிடாதீர்கள்.

கேள்வி: நெடுஞ்சாலையில் ஏ.சி.யை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொள்வது சிக்கனமா? மேலே கேரியரில் மூட்டை கட்டுவது மைலேஜைப் பாதிக்குமா?
– கோவை வாசகர்

பதில்: நகருக்குள் ஊர்ந்து செல்லும்போது ஏ.சி.யின் பங்கு பெரிது. அங்கே கண்ணாடியை இறக்கினால் பயன் உண்டு. 80-ஐத் தாண்டிய பிறகு திறந்த கண்ணாடி வழியே நுழையும் காற்றே காரைப் பின்னுக்கு இழுப்பதால், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யை மிதமாக வைத்துக்கொள்வது நல்லது.

கேரியர் விஷயத்தில் கவனமாக இருங்கள். காரின் கூரைமேல் பெரிய பெட்டி ஒன்றைப் பொருத்தி 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் மைலேஜ் 10 முதல் 25 விழுக்காடு வரை குறைவதாக அமெரிக்க எரிசக்தித் துறையின் கையேடு சொல்கிறது. சபரிமலைப் பயணத்தில் மூட்டைகளைக் கட்டித் தார்ப்பாயைப் படபடக்க விட்டால் இன்னும் மோசமாகத்தான் இருக்கும். முடிந்தவரை டிக்கியில் அடுக்குங்கள். மேலே ஏற்றியே ஆக வேண்டுமென்றால் 70-க்குள் ஓட்டுங்கள். பயணம் முடிந்ததும் வெறும் கேரியரையும் கழற்றி வைத்துவிடுங்கள். டயர் காற்றைப் பொறுத்தவரை, நான்கு டயர்களிலும் காற்றழுத்தம் ஒவ்வொரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) குறையும்போதும் மைலேஜில் 0.2 விழுக்காடு குறைகிறது. சிறிய எண்தான் என்றாலும், காற்றுக் குறைந்த டயர் வெயிலில் நெடுஞ்சாலை வேகத்தில் வெடிக்கக்கூடியது என்பதால் கிளம்பும் முன் சரிபார்ப்பது அவசியம்.

கேள்வி: 125 சி.சி. பைக்கில் திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குப் போய்வருகிறேன். நகருக்குள் கிடைக்கும் மைலேஜ்கூட நெடுஞ்சாலையில் கிடைப்பதில்லை. பைக்கில் கோளாறா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: கோளாறு பைக்கில் இருக்க வாய்ப்புக் குறைவு. நீங்கள் 80-ல் போகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒருவரும் பைக்கும் சேர்ந்து எதிர்கொள்ளும் காற்றுத்தடை, ஒரு சிறிய காரின் காற்றுத்தடைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கார் வழுவழுப்பான உருவம் கொண்டது, பைக்கில் செல்பவரின் உடலோ காற்றுக்கு நேரே நிற்கிறது என்பதே காரணம். எடை குறைவாதலால் டயரின் தடை மிகவும் சிறியது. எனவே 80-ல் உங்கள் இன்ஜினின் உழைப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. 50-ல் ஓட்டினால் பைக்கை இழுக்கத் தேவைப்படும் விசை ஏறக்குறைய பாதியாகிவிடும். வேகத்தால் காரைவிடப் பைக்கே கூடுதலாகப் பாதிக்கப்படுவது இதனால்தான். 50 முதல் 55 வரை வைத்துக்கொண்டு, சாலையின் இடது ஓரமாக, தலைக்கவசத்தோடு சென்று பாருங்கள்.

கேள்வி: சொந்தமாக ஒரு லாரி வைத்திருக்கிறேன். 80-ல் ஓட்டுவதற்கும் 60-ல் ஓட்டுவதற்கும் டீசலில் எவ்வளவு வேறுபாடு வரும்?
– நாமக்கல் வாசகர்

பதில்: மொத்தம் 28 டன் எடையோடு 80-ல் செல்லும் லாரியில் டயரின் தடையும் காற்றுத்தடையும் ஏறக்குறைய சரிபாதியாக இருக்கின்றன. 60-க்கு இறங்கினால் காற்றுத்தடை பாதியளவுக்கு நெருங்கிக் குறையும். டயரின் தடை அப்படியே நிற்கும். மொத்தத்தில் லாரியை இழுக்கும் விசை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. டீசலிலும் அதற்குச் சற்றுக் குறைவான அளவு மிச்சத்தை எதிர்பார்க்கலாம். வெறும் வண்டியாகத் திரும்பும்போது டயரின் தடை சிறுத்துவிடுவதால், வேகத்தைக் குறைப்பதன் பலன் விகிதத்தில் இன்னும் கூடும். ஆனால் பாரம் இல்லாதபோதுதான் பலரும் விரட்டி ஓட்டுகிறார்கள். லாரிக்கு டயர் காற்று காரைவிடப் பன்மடங்கு முக்கியம். தார்ப்பாயை இறுக்கிக் கட்டுவதும் அப்படியே. ஓட்டுநருக்குக் கெடு நேரம் குறிக்கும்போது 60-ஐ அடிப்படையாக வைத்துக் கணக்கிடுங்கள். எட்ட முடியாத நேரத்தைக் கொடுத்துவிட்டு டீசல் கணக்குக் கேட்பது அவருக்கு நியாயமாகாது.

கேள்வி: காரின் திரை காட்டும் மைலேஜை நம்பலாமா? எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது. இதில் வேகத்தின் பங்கு எவ்வளவு, பெட்ரோலின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரித்தறிவது?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே 20 விழுக்காடு கலப்பில் ஆற்றல் ஏறத்தாழ 7 விழுக்காடு குறையும். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கை, கலப்பற்ற பெட்ரோலுக்காக வடிவமைத்துப் பத்து விழுக்காடு கலப்புக்கு இசைவாக்கிய கார்களில் இந்த 20 விழுக்காடு கலப்பால் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடும், பத்து விழுக்காட்டுக்காக வடிவமைத்து 20-க்கு இசைவாக்கிய கார்களில் 1 முதல் 2 விழுக்காடும் குறையும் என்று மதிப்பிட்டது. எரிபொருளின் கலப்பு நம் கையில் இல்லை. ஆனால் 100-லிருந்து 80-க்கு இறங்குவதால் கிடைக்கும் மிச்சம் இந்த இழப்பைவிடப் பெரியது.

பிரித்தறிவதற்கு ஃபுல் டேங்க் முறையே நம்பகமானது. ஒரே பெட்ரோல் நிலையத்தில், முடிந்தால் ஒரே பம்பில், பெட்ரோல் ஊற்றும் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைச் சுழியமாக்குங்கள். வழக்கமான பாதையில் ஒரே வேகத்தில் போய்வந்த பிறகு அதே பம்பில் மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பயணத்தில் வேகத்தை மட்டும் மாற்றுங்கள். ஏற்றும் ஆட்கள், டயர் காற்று, ஏ.சி. ஆகியவை மாறாமல் இருக்க வேண்டும். எதிர்க்காற்றும் மழையும் கணக்கைக் குலைக்கும் என்பதால் ஒரே பயணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். திரை காட்டும் எண்ணை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு அந்த வேறுபாட்டைக் கழித்துக்கொண்டு திரையையே பயன்படுத்தலாம். வேகமானியும் உண்மையைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும், குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி. ஆகவே முள் 80-ல் நிற்கும்போது கைப்பேசியின் ஜி.பி.எஸ். காட்டும் வேகம் என்ன என்பதைப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லி, அந்த எண்ணையும் கணக்கோடு சேர்த்துக் குறித்துவையுங்கள்.